எடைக்கு விற்ற எலுமிச்சம்பழங்கள்

சிவகாசிக்கு வந்து இறங்கியபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். என் கணவர் அச்சு இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பொறியாளர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சிவகாசி அச்சகங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு புதிய இயந்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தன. மூன்று வருட ஒப்பந்தத்தில் அவரை இங்கே அனுப்பினார்கள். "தமிழ் ஊருதானே, உனக்கு என்ன கஷ்டம்?" என்று கிள்ளானில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதல் வாரமே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வீட்டுச் சொந்தக்காரரும் அவர் மனைவியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் டீயா, காப்பியா, வேறு ஏதாவதா என்பதுதான். அந்த மனிதர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா என் கணவரைப் பார்த்தார். "நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். இங்கே தண்ணி என்றால் சாராயம் என்று மறுநாள் அச்சகத்தில் யாரோ சிரித்துக்கொண்டே என் கணவருக்கு விளக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே தயக்கமாக இருந்தது. காய்கறிக்காரம்மா, "எங்கிட்டு இருந்து வாரீக? அம்புட்டுத் தூரமா?" என்று வேகமாகக் கேட்கும்போது பாதி புரியாது. நான் பேசினால் அவர்களுக்குப் பாதி புரியாது. கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மதியம் முழுக்க வீட்டில் நானும், பக்கத்துத் தெரு அச்சகத்தின் கடகடவென்ற சத்தமும்தான். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அழுகையெல்லாம் வரவில்லை. ஆனால் ஒருநாள் சுவர்க்கடிகாரத்திடம், "மணி என்னா, இப்பதான் ரெண்டா?" என்று சத்தமாகக் கேட்டேன். கேட்டதும் எனக்கே பயம் வந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டேன்.

அறுந்த பொத்தானைத் தைக்க நூல் வேண்டும், அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். தேடிப்போன தெருவில் ஒரு கடை முழுக்க நூலாக இருந்தது. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கூரை உயரத்துக்கு உருண்டைகள். உள்ளே போய்க் கேட்டால், "இது தைக்கிற நூலில்லம்மா, காலண்டர் தொங்கவிடுற கயிறு" என்றார் கடைக்காரர். காலண்டர் கயிறு மட்டும் விற்பதற்கு ஒரு கடை! அடுத்த கடையில் காலண்டரின் தலையில் அடிக்கும் தகரப் பட்டை மட்டும். அதற்கடுத்ததில் வெடிக்குச் சுற்றும் காகிதக் குழாய். எதிர்ப்பக்கம் ஒரு கடையில் கந்தல் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அது இயந்திரத்தில் மை துடைக்கத் திருப்பூரிலிருந்து வரும் பனியன் துண்டுகள். அதில் பூப்போட்ட துண்டு ஒன்று அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மிசினுக்கா வீட்டுக்கா?" என்று கேட்டார்கள். "வீட்டுக்கு" என்றதும் விலை சொல்லத் தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடிக்கு உறையாகத் தைத்தேன். நூல் கடைசிவரை கிடைக்கவில்லை. கணவரின் பழைய சட்டை ஒன்றில் உருவிக்கொண்டேன்.

கிள்ளானில் கடைக்குப் போவதென்றால் வேண்டியதை வாங்கிவரப் போவது. இங்கே எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தினமும் போனேன்.

அப்படித்தான் வேஸ்ட் பேப்பர் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்து பார்த்தபோது சாமி படக் கடை என்று நினைத்தேன். உள்ளே முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லோரும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கிட்டப் போனதும்தான் கோளாறு தெரிந்தது. நிறங்கள் இடம் மாறி விழுந்ததில் முருகனுக்கு இரண்டு ஜோடி உதடு. லட்சுமியின் மூக்குத்தி கன்னத்தில் இருந்தது. அச்சகங்களில் தப்பாக விழுந்த தாள்களையும், ஓரம் வெட்டிய துண்டுகளையும், ஆர்டருக்கு மேல் அச்சாகி மிஞ்சியவற்றையும் வாங்கி எடைக்கு விற்கிற கடை அது. நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண். நல்ல உயரம், நல்ல குரல். காகிதக் கட்டுகளின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, என்ன வேணும்?"

"சும்மா பாக்கத்தான் வந்தேன்க்கா."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்கு எடை கிடையாது" என்றார்.

ஊருக்கு வந்து முதல்முறையாக ஒருவரிடம் எனக்குப் பயம் தோன்றவில்லை. அலமாரியில் விரிக்க இரண்டு கிலோ வாங்கினேன். ஆனால் அக்கா சாமி படங்களை அதற்குத் தர மறுத்துவிட்டார். அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. லோடு வந்து இறங்கியதும் முதல் வேலை, சாமியைப் பிரித்து எடுப்பது. சாமி படம் போட்ட தாளில் யாரும் வடை மடிக்கக் கூடாது, கடலை பொட்டலம் போடக் கூடாது. டிரங்குப் பெட்டிக்குள் ஒட்டுவதற்கும் பூஜை அறைச் சுவருக்கும் கேட்பவர்களுக்குத்தான் அது. நடிகைகள் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடப் போவார்கள். பழம், பூ, பிஸ்கட் லேபிள்கள் டீக்கடைக்கும் பூக்கடைக்கும் போகும்.

"எழுத்தெல்லாம் பாக்க மாட்டேன் தாயி" என்று ஒருநாள் சொன்னார். அதற்குள் 'நீங்க' போய்த் 'தாயி' வந்திருந்தது. "படத்தப் பாத்தாப் போதும். சின்னப் பிள்ளையில தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கிட்டுக் கெடந்தவ நான். படந்தான் நமக்குப் படிப்பு."

அந்தப் படிப்பு ஒரே ஒருமுறைதான் காலை வாரியது.

அந்தத் தெரு முனையில் ஒரு டீக்கடை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் போய் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பேன். லோடு இறக்குகிறவர்கள் முதலில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். சிரிக்கவே மாட்டார். ஆனால் அவர் போடும் பருப்பு வடைக்கு அந்த வெயிலிலும் கூட்டம் நிற்கும்.

ஒரு மதியம் வடையை வாங்கிப் பிரித்தேன். காகிதத்தில் பாதியாக அறுத்த எலுமிச்சம்பழம், பக்கத்தில் இரண்டு பச்சை இலை, பளபளவென்று தண்ணீர்த் துளி. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. எண்ணெய்க் கறைக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஏதோ இருந்தது. விரலால் துடைத்துப் படித்தேன். ஆங்கிலமில்லை, மலாய். பென்சுச்சி தண்டாஸ். மலாயில் தண்டாஸ் என்றால் கழிப்பறை. பென்சுச்சி என்றால் கழுவுவது. அதற்கும் கீழே பொடி எழுத்தில், குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது.

தலை நிமிர்ந்து பார்த்தேன். பாய்லருக்கு மேலே அதே எலுமிச்சம்பழம், ஒரு முழுத் தாளே ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அண்ணாச்சி தன் கையால் எழுதி வைத்திருந்தார்: 'இங்கு லெமன் டீ கிடைக்கும்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். வாயில் வடை இருந்தது. புரை ஏறி, கண்ணில் நீர் வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பது சிரிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி கரண்டியோடு வந்தார்.

"என்னம்மா, வடையில எதுவும் கெடக்கா?"

"வடை நல்லாருக்கு அண்ணாச்சி. இந்தப் பேப்பர்தான்..." என்று இழுத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் விடவில்லை. சொல்லிவிட்டேன்.

லோடுக்காரர் ஒருவர் தன் கையிலிருந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கக்கூஸ் கழுவுற பேப்பர்லயா எங்களுக்கு இம்புட்டு நாளா வடை குடுத்தீக?"

"ஏலே, சும்மா கெட!" அண்ணாச்சியின் முகம் அடுப்பைப் போலச் சிவந்தது. பாய்லருக்கு மேலே இருந்த தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் நடந்தார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். வடையைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். எனக்குப் பின்னால் பாதி டீக்கடை வந்தது.

அண்ணாச்சி காகிதக் கட்டை அக்காவின் முன்னால் தொப்பென்று போட்டார்.

"ஏத்தா, என்னத்தக் குடுத்திருக்க நீ எனக்கு?"

"எலுமிச்சம்பழம் குடுத்தேன். ஏன், கண்ணு தெரியலயா?"

"எலுமிச்சம்பழமா? இந்தா நிக்கிற அம்மாகிட்டக் கேளு என்னதுன்னு!"

அக்கா என்னைப் பார்த்தார். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான். ஒரு சிரிப்பில் அதையும் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். வெறும் லேபிள்தான், அச்சகத்தை விட்டு நேராக இங்கே வந்தது, எந்தப் பாட்டிலிலும் ஒட்டியதில்லை, சுத்தமான காகிதம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா ஒரு தாளை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். உதட்டோரம் துடிக்கத் தொடங்கியது.

"அப்ப இந்த எலுமிச்சம்பழம்..."

"கக்கூசுக்கு" என்றார் அண்ணாச்சி.

அக்கா சிரித்த சிரிப்பில் அவர் உட்கார்ந்திருந்த கட்டு சரிந்தது. "ஊரு முச்சூடும் நான் குடுத்திருக்கேனே! கடலைக்காரருக்கு, பலகாரக் கடைக்கு, பூக்காரிக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்தார். முகம் மாறியது. "பூக்காரிக்குக் குடுத்தேன். அவ மாலையச் சுத்திக் குடுத்திருப்பா. கோயிலுக்குல்ல போயிருக்கும்!" இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு."

அவர் அப்படிக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அண்ணாச்சிக்கு முதலில் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், எந்நேரமும் கடுகடுவென்று இருக்கும் அந்த மனிதர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலைக்குள் அக்கா எல்லாக் கடையிலிருந்தும் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு தாள் கொடுத்துவிட்டார். அண்ணாச்சிக்கு ரோஜாப்பூப் போட்ட நோட்டு அட்டை கிடைத்தது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே இந்தம்மா வாசிச்சுச் சொன்னாத்தான் நான் எடுப்பேன். எந்தப் பூவுல எந்தக் கருமம் இருக்கோ யாரு கண்டா?"

அப்படித்தான் எனக்கு அந்தக் கடையில் ஒரு இடம் கிடைத்தது. சம்பளமில்லாத வேலை. மறுநாள் போனபோது காகிதக் கட்டுகளுக்கு நடுவில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. "இங்கன உக்காரு" என்றார் அக்கா. "இன்னைக்கு வந்த லோடுல மூணு கட்டு வெளிநாடு. என்ன எழவுன்னு பாரு."

டீக்கடையில் சில வாரங்களுக்கு, "அண்ணாச்சி, ஒரு தண்டாஸ் டீ" என்று கேட்டுக் கலாட்டா செய்தார்கள். அண்ணாச்சி என்மேல் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. புதிதாக யாராவது என்னை உற்றுப் பார்த்தால், "இந்தம்மாவுக்கு ஏழு பாசை தெரியும்" என்பார். எனக்குத் தெரிந்தது தமிழ், மலாய், ஆங்கிலம், அதோடு கிள்ளான் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குச் சீனம். திருத்தப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

மதியங்கள் ஓடத் தொடங்கின. எங்கெங்கிருந்தோ வந்த ஆர்டர்களின் மிச்சம் அந்தக் கடைக்கு வந்தது. ஊறுகாய், ஊதுபத்தி, குழந்தைச் சோப்பு, ஆப்பிரிக்க ஊர் ஒன்றின் பள்ளிக்கூடச் சான்றிதழ். எனக்குப் படிக்கத் தெரியாததும் நிறைய இருந்தது. அப்போது அக்காவும் நானும் படத்தைப் பார்த்துச் சண்டை போடுவோம். "இது சாப்புடுற சாமான்தான்" என்பார் அவர். "இல்லைக்கா, தலைக்குத் தேய்க்கிறது" என்பேன் நான். ஒருமுறை அரபு எழுத்தில் பொன்னிற வரிகள் போட்ட அட்டைகள் வந்தன. என்ன என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட அட்டைகளை மலாய்க்காரர் வீட்டுச் சுவரில் பார்த்திருக்கிறேன். "இது அவங்க சாமி வசனமா இருக்கும்க்கா" என்றேன். அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டைத் தூக்கி முருகனுக்கும் லட்சுமிக்கும் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுப் பக்கம் தெரிந்த பாய் ஒருவரை வரச்சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் வருடம் ஒருநாள், ஒரு கட்டைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு மீன். அதன் மேல் மலாயில் மீன் குழம்புத் தூள் என்று எழுதியிருந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே, தகர டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் பொட்டலம். நான் சின்ன வயதில் கடைக்குப் போய் 'மீன் படம் போட்டது' என்று கேட்டு வாங்கிவந்தது. ஒரு தாளில் பதினாறு மீன்கள், வெட்டாமல், வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. அம்மாவின் சமையலறையே எடைக்கு வந்து இறங்கியது போல இருந்தது. நான் ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மீனோ இங்கிருந்துதான் கிளம்பி அங்கே போயிருக்கிறது.

"என்ன தாயி, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? கெட்ட சாமானா?"

"இல்லைக்கா. எங்க அம்மா வீட்டுச் சாமான்."

அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்று, அந்த மீன்களை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். அந்தக் கட்டை அவர் விற்கவில்லை.

அன்று மாலை டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா உருகிப்போவார் என்று நினைத்தேன். அம்மா சொன்னார்: "அப்படியா? அந்த மஞ்ச கலர் இப்பல்லாம் வெளிறிப்போய் வருது. அங்க யாருகிட்டயாச்சும் சொல்லி வை."

அடுத்த பொங்கலுக்கு முன்னால் அம்மாவே கிளம்பி வந்தார். கடைகளையெல்லாம் காட்டினேன். கயிற்றுக் கடையில் அரை மணி நேரம் நின்றார். தகரக் கடையில் ஒரு பட்டையை வளைத்துப் பார்த்தார். வேஸ்ட் பேப்பர் கடையில் அம்மாவையும் அக்காவையும் அறிமுகம் செய்துவைத்தேன். "பசியாறிட்டீங்களா?" என்றார் அம்மா. எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கும் கேள்வி அது. அக்காவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. "பசி ஆறிருச்சான்னு கேக்குறீக, கேக்கவே நல்லாருக்கு. நாங்க சாப்பிட்டீகளான்னுதான் கேப்போம்" என்றார். அதன் பிறகு நான் தேவைப்படவில்லை. இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் அக்கா கடையை அவர் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு எங்களை விருதுநகருக்கு அழைத்துப் போனார். அம்மாவுக்கு வத்தல் மிளகாய் வாங்க வேண்டும். மிளகாய் மண்டிகள் இருக்கிற தெருவில் நுழையும்போதே தும்மல் ஆரம்பித்துவிட்டது. குன்று குன்றாக மிளகாய். மூக்கில் துணி கட்டியவர்கள் அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக் கணக்கில்தான் கொடுப்போம் என்றார் மண்டிக்காரர். அக்கா அவரோடு வாதாட, அம்மா தும்மலுக்கு நடுவில் ஒரு மிளகாயை உடைத்து விதையைப் பார்த்து, "இது போன வருசத்துச் சரக்கு" என்றார். மண்டிக்காரர் ஆச்சரியப்பட்டு வேறொரு சாக்கை அவிழ்க்கச் சொன்னார். உண்மையில் அம்மா சும்மா அடித்துவிட்டது அது. பிறகு எங்களிடம் ஒப்புக்கொண்டார். மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊரில் ரொட்டி என்று சொல்லும் பரோட்டா மெத்தென்று இருக்கும். இது நொறுங்கியது. அம்மா இன்னொன்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் முன்சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் பின்னால் மிளகாய்ப் பையோடு இருந்தேன். பாதி வழியில் அம்மா திரும்பி, "ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துருவீங்கதானே?" என்று கேட்டார்.

கம்பெனி இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்டிருந்தது. என் கணவர் எனக்காகத் தயங்கிக்கொண்டிருந்தார். "இல்லைம்மா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்குறோம்" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே முடிவு தெரிந்தது.

அம்மா தலையாட்டிவிட்டு, சிவகாசிக்கு முந்தின ஊரான திருத்தங்கல் வருகிற வரைக்கும் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவது என்று அக்காவிடம் வாதாடிக்கொண்டு வந்தார்.